பாய் நீங்கலாக

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி வீட்டாரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன், அதைப் பாயில்லாமல் வாங்கிவிட்டேன். வாங்கி ஆறு வாரம் ஆகிறது. பாய் கிடைக்காவிட்டால் அது பதினேழு அடி நீளத் தண்ணீர்த்தொட்டி, அவ்வளவுதான். கிடைத்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் நீ மிச்சத்தைப் படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். போனில் சொல்லாததற்கும் காரணம் அதுதான், பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். தங்கச்சி உன்னிடம் அரைகுறையாகச் சொன்னதும் நீ அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்குப்பா இதெல்லாம் என்று கேட்டாயாம். அப்பா எனக்குத் தெரியலடா, அவளையே கேளு என்று போனை வைத்துவிட்டாராம். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

துணிக்கடையை உன் தங்கச்சி கையில் கொடுத்த பிறகு எனக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, வேலை இல்லை. வாடிக்கையாளர் வந்து வணக்கம் சொல்வார்கள், நான் பதில் வணக்கம் சொல்வேன், விலையை அவள் சொல்வாள். நன்றாகத்தான் சொல்கிறாள், என்னைவிட ஒரு பிடி கூடவே சொல்கிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாலு மாதம் முன்னால் படகுப் பட்டறைக்கு வெயில் மறைப்புக்குக் கித்தான் ஐம்பது மீட்டர் போக வேண்டியிருந்தது, சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று நானே வண்டியில் ஏறிப் போனேன். கடல் உள்ளே நுழைந்து ஏரி மாதிரி அடங்கிக் கிடக்கும் இடத்தில் அந்தப் பட்டறை. அங்கே நின்று கித்தானை அளந்துகொண்டிருக்கும்போது பார்த்தேன், காற்று எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமாகவே ஒரு சின்னப் படகு கோணல் மாணலாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை, ஒரே ஒரு முக்கோணத் துணி. காற்று துணியைத் தள்ளும், அது எனக்குத் தெரியும், கொடியில் காயும் போர்வை என்னைத் தள்ளியிருக்கிறது. காற்றை நோக்கி எப்படி இழுக்கும். பட்டறைத் தச்சரிடம் கேட்டேன், அவர் அது அப்படித்தாம்மா என்றார். வியாபாரத்தில் அது அப்படித்தான் என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம், அல்லது சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். சைக்கிளில் துண்டுத் துணி விற்ற நாளிலிருந்து கணக்குப் போட்டால் நாற்பது வருஷம் துணியை அளந்திருக்கிறேன், மடித்திருக்கிறேன், வெட்டியிருக்கிறேன், அது இழுக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. இதுதான் காரணம், வேறு காரணம் ஒன்றும் இல்லை, அப்பாவோடு சண்டையும் இல்லை.

அந்தப் பட்டறையிலேயே கட்டைமேல் ஏற்றி வைத்து ஒரு பழைய படகு விலைக்குக் கிடந்தது. ஃபைபர் உடம்பு, உள்ளே இரண்டு பேர் குனிந்து உட்காரும் அளவுக்கு ஒரு குட்டி அறை. சொந்தக்காரர் பல் டாக்டர், ஐம்பது வயதிருக்கும், வலது தோள் போய்விட்டது, கயிறு இழுக்க முடியாது என்பதால் விற்கிறார். முதல் வார்த்தையே வாங்கக்கா என்றார். விலை சொல்வதற்கு முன்னால் அக்கா போடுகிறவரிடம் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். எழுபதாயிரம் சொன்னார். நான் படகைச் சுற்றி வந்தேன். எனக்குப் படகு தெரியாது, ஆனால் சரக்கில் குறை கண்டுபிடிக்க சரக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை, விற்கிறவர் எந்த இடத்தில் நம்மைச் சீக்கிரம் கடக்க வைக்கிறாரோ அங்கே நின்றால் போதும். முன்பக்கத்து மேல்தளத்தில் கால் வைத்தேன், பழைய மெத்தை மாதிரி அமுங்கியது. ஐம்பத்தைந்துக்கு வந்தார். இன்னும் இறங்குங்க டாக்டரே என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அதுக்குக் கீழ வேணும்னா பாயை நான் எடுத்துக்கறேன்க்கா, நாப்பதுக்கு முடிச்சுக்கலாம் என்றார். உள்ளே குட்டி அறையில் பூஞ்சை பிடித்த பாய் இரண்டு சுருட்டிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். தாராளமா எடுத்துக்குங்க, அதை வெச்சு நான் என்ன செய்யப் போறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, ஆமா, உங்களுக்குத் துணி ஒரு பிரச்சினையே இல்லைல்ல என்றார். கடையே துணிக்கடை டாக்டரே என்றேன். நான் அந்த முக்கோணத்தைத் துணி என்றேதான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்குப் பாய் என்றால் படுக்கிறது. பாய்மரம் பாய்மரம் என்று வாயால் சொல்லும்போதுகூட அதன் முதல் பாதியைப் பற்றி நான் யோசித்ததில்லை. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. ரசீதை என் கையாலேயே எழுதினேன், வார்த்தை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, மேற்படி படகு, பாய் நீங்கலாக, நாற்பதாயிரத்துக்கு என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். வழியெல்லாம், இரண்டு பூஞ்சைப் பாய்க்குப் பதினைந்தாயிரம் குறைத்த மனுஷன் எப்படித்தான் பிழைக்கிறாரோ என்று அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். அளவுக்கு மீறிக் குறைக்கிறவனை ஏன் குறைக்கிறாய் என்று கேள் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் கேட்கவில்லை.

மறுநாள் தச்சரை வேலைக்குப் பேசினேன். எதற்கும் மெதுவா, மெதுவா என்பார், அதனால் பட்டறையில் அவர் பெயரே மெதுவா. அவர் படகைப் பார்த்துவிட்டு, பாய் எங்கேம்மா என்றார். அந்தப் பூஞ்சைப் பாயா, டாக்டர் எடுத்துக்கிட்டிருப்பாரே என்றேன். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார், பாய் இரண்டும் அங்கேயேதான் கிடந்தன. உட்காரும் பலகைக்கு அடியில் முதல் நாள் நான் பார்த்த இரண்டு நீளப் பைதான் இல்லை, படகின் பாய் அதற்குள் இருந்திருக்கிறது. மெதுவா அந்தப் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே மொட்டை மரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. உன் தங்கச்சிக்குத் திரும்பி நிற்கிற மரியாதைகூடத் தெரியவில்லை. நாற்பது வருஷம் துணி வித்தவங்க துணியில்லாத படகு வாங்கிட்டு வந்திருக்காங்க, வாங்க வந்து பாருங்க என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். டாக்டரைப் போனில் பிடித்தேன். அவர் குரலில் திருட்டுத்தனம் இல்லை, நிஜமாகவே திகைத்துப்போனார். நீங்க துணி வியாபாரம், சொந்தமா தைச்சுக்குவீங்கன்னுல்ல நெனைச்சேன், அக்கரையில ஒருத்தர் இதே மாதிரி படகு வெச்சிருக்கார், அந்தப் பாயை முப்பதாயிரத்துக்குக் கேட்டிருக்கார், அடுத்த மாசக் கடைசியில வந்து சொல்றேன்னார் என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஆமா ஆமா, நானே தைச்சுக்கப் போறேன், சும்மா விசாரிச்சேன் என்றேன். புதிதாகத் தைத்துத் தருகிற இடத்தில் கேட்டுப் பார்த்தேன், எண்பதாயிரம், நாலு மாதம் ஆகும் என்றார்கள். படகின் விலையைப் போல இரண்டு மடங்கு.

சரி, தைக்கிறது இருக்கட்டும், முதலில் படகைச் சரி பண்ணுவோம் என்று இறங்கினேன். தினமும் காலையில் அப்பா என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார், இறங்கும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். மெதுவா ஒரு சுத்தியலின் பிடியால் மேல்தளத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார், நல்ல இடத்தில் டக்கென்று கேட்கும், உளுத்த இடத்தில் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன், கடைசியில் வட்டமெல்லாம் சேர்ந்து ஒரே வட்டமாகிவிட்டது. மேலே இருந்த ஃபைபர் தோலை வெட்டித் திறந்தால் உள்ளே இருந்த பலகை டீயில் நனைத்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது. ஒரு சின்ன ஓட்டைதான் காரணம், எப்போதோ யாரோ ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், ஒரு திருகாணி அகலத்துக்கு மழை இறங்கி அரைத் தளத்தைத் தின்றுவிட்டது. படகின் வயிற்றில் கீழே இறக்குகிற ஒரு பலகை உண்டு, அது தண்ணீரில் இறங்கி நின்றால்தான் படகு பக்கவாட்டில் வழுக்காது, அந்தப் பலகை துருப்பிடித்து அசையவே இல்லை, அதன் ஆணியை அறுக்க ஆறு ஆக்ஸா பிளேடு போயிற்று. ஃபைபரை ஒட்டவைக்கிற ரெசின் என்ற பசை வேலையில் நான் ஒரு கூத்து பண்ணினேன். மெதுவா ஒரு டம்ளர் அளவுக்குத்தான் கலப்பார், அது தீர்ந்ததும் மறுபடி ஒரு டம்ளர். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, நேரம் வீணாகிறதே என்று அவர் டீக்குப் போன நேரத்தில் ஒரு வாளி நிறைய மொத்தமாகக் கலந்து வைத்தேன். பத்தே நிமிஷம், வாளியிலிருந்து புகை வந்தது, தொட முடியாத சூடு, அப்படியே கல்லாகிவிட்டது. அதிகம் சேர்த்துக் கலந்தால் தன் சூட்டில் தானே வெந்துவிடுமாம். மெதுவா வந்து வாளியைக் கவிழ்த்துத் தட்டினார், வாளி உருவத்தில் ஒரு கட்டி விழுந்தது. இது சில்லறை வியாபாரம்மா, மொத்த வியாபாரம் இல்லை என்றார். அந்தக் கட்டியை இப்போது பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பக்கத்தை அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், இது எனக்குப் பிடிபட நாலு வாரம் ஆயிற்று.

படகு தயாரானது, மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. மரத்தின் உயரம், குறுக்குக் கட்டையின் நீளம் எல்லாம் அளந்து, நம் கடையிலேயே நல்ல கனமான கித்தானாகப் பார்த்து எடுத்து, நம் தையற்காரரைக் கூப்பிட்டேன். முக்கோணம்தானே அக்கா, திரைச்சீலையைவிட லேசு என்றார். விளிம்பெல்லாம் இரட்டைத் தையல், ஓரத்தில் பித்தளை வளையம், மேசைமேல் விரித்தால் ஒரு சுருக்கம் கிடையாது, தண்ணீர் ஊற்றினால் நிற்கும் அவ்வளவு சமம். தங்கச்சியே தொட்டுப் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்றாள். படகைத் தண்ணீரில் இறக்கி நானும் மெதுவாவும் ஏறினோம், இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், நீ பயப்படாதே. கித்தானை ஏற்றியதும் காற்று பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது, படகு புறப்பட்டது. சத்தமே இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் அக்கரை. அப்புறம் திரும்ப வேண்டுமே. திருப்பினோம், கித்தான் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தோம், விட்டுப் பார்த்தோம், மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் அக்கரையில் கிளம்பிய நாணல் புதருக்கே வந்து சேர்ந்தோம். மெதுவா, போறது தெரியுது, வர்றது தெரியலையே இதுக்கு என்றார். கடைசியில் ஒருவர் மீன்பிடி இஞ்சின் படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார். கரையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வரும்போது, துணி நம்மளுதுதானே, பின்ன ஏன் என்றார். அவருக்கும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தது.

பிறகு டாக்டரிடம் போவதைத் தவிர வேறு வழி இல்லை. போனில் கேட்கக் கூச்சம், நேரில் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் நோயாளிக்குத்தான் டோக்கன் என்றாள். சரி, எனக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது, டாக்டர் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேரத்துக்குப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் ஆ, ஆ என்கிறேன், அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். கேள்விப்பட்டேன்க்கா, கித்தான்ல போயிட்டு, உங்களைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களாமே என்றார். அக்கரைக்காரர் சனிக்கிழமை வர்றாராம், முப்பதைக் கையில கொண்டாறேன்னு சொல்லிட்டார், நான்தான் இன்னும் சரின்னு சொல்லலை, படகு போனப்பக்கூட ஒண்ணும் தெரியலக்கா, அந்தப் பை ரெண்டும் எக்ஸ்ரே அறையிலதான் இருக்கு, பூட்டும்போது தினமும் ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன், அதுவும் போயிட்டா நான் வெறும் பல் டாக்டர்தானே என்றார். வாய்க்குள் கண்ணாடி இல்லாமல் இருந்திருந்தால் இதற்குள் நான் நாலு தடவை குறுக்கே புகுந்து விலை சொல்லியிருப்பேன், இந்த வார்த்தை என் காதில் விழுந்திருக்காது. கண்ணாடியை எடுத்ததும் நான் உண்மையைச் சொன்னேன். டாக்டரே, பாய்ன்னதும் நான் படுக்கிற பாயைத்தான் நெனைச்சேன் என்றேன். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பூஞ்சைப் பாய்க்கா பதினஞ்சு குறைச்சேன்னு நெனைச்சீங்க என்றார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மத்தியானம் நோயாளிகள் போன பிறகு காத்திருக்கும் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெரிய பாயை விரித்தார். விரிந்தது, ஆனால் படியவில்லை. நடுவில் ஒரு இடம் உப்பிக்கொண்டே இருந்தது, இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் எழுந்தது. நான் முழங்காலில் இருந்துகொண்டு இஞ்ச் டேப்பை எடுத்தேன். பட்டை பட்டையாக இணைத்த துணி, ஒவ்வொரு இணைப்பிலும் தையல் நடுவில் ஒரு விரல் அகலம், ஓரத்துக்குப் போகப் போக இரண்டு விரலுக்கு மேல். நேராக வெட்டவே இல்லை, வளைத்து வெட்டி வளைவோடு வளைவைச் சேர்த்திருக்கிறார்கள், சட்டைக்குத் தோள் வைப்பது மாதிரி. வேண்டுமென்றே அதற்கு ஒரு தொப்பை வைத்திருக்கிறார்கள். நான் நாற்பது வருஷமாகச் சுருக்கமில்லாமல் படிகிற துணிதான் நல்ல துணி என்று விற்றவள். தொப்பை எதற்கு டாக்டரே என்றேன். அவர் வாய் கொப்பளிக்கிற தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு டீ ஸ்பூனை முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் முதுகை ஒழுகுகிற தண்ணீரில் லேசாகத் தொடச் சொன்னார். தண்ணீர் அதை வெளியே தள்ளும் என்று நினைத்தேன். உள்ளே இழுத்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் இழுத்தது. எட்டுப் பத்து தடவை செய்திருப்பேன், வரவேற்புப் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். காத்தும் ஏறக்குறைய இப்படித்தான்க்கா, வளைஞ்ச முதுகுல ஓடும்போது இழுக்கும், கீழ இருக்கிற பலகை பக்கத்துல வழுக்க விடாது, அதனால படகு முன்னால போகுது, முழுசாக் கேட்டா எனக்கும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சமையலறைக் குழாயில் செய்து காட்டினேன், அவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே செய்ய ஆரம்பித்துவிட்டார், தரையெல்லாம் தண்ணீர். நீயும் குட்டிக்குச் செய்து காட்டு, முதுகுப் பக்கம் தொட வேண்டும், உட்பக்கம் வேலை செய்யாது, அதையும் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கே அவர் அறையில் உட்கார்ந்து பேசி முடித்தோம். அக்கரைக்காரர் சொன்ன முப்பதை நான் தொடவே இல்லை, அதைத் தொட்டால் டாக்டர் விற்கிறவராகிவிடுவார், விற்கிற மனம் அவருக்கு இல்லை. தோள்தான போச்சு, சுக்கான் பிடிக்க ஒரு கை போதாதா டாக்டரே என்று மட்டும் கேட்டேன். அவர் எழுந்து போய்க் கைகழுவினார். பிறகு, நீங்க கயிறு இழுப்பீங்களா என்றார். துணிக்கட்டு தூக்கின கை டாக்டரே என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகக் காற்றுக்கு எதிராகப் போகப் போகிறோம். போக முடிந்ததா என்று அப்புறம் கேள், இப்போது எனக்கே தெரியாது.

வீட்டுச் செய்தி வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் ரத்தாகிவிட்டது, தங்கச்சிக்கு நிம்மதி. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, காலையில் என்னை விட்டுவிட்டுக் கரையில் நடக்கிறார், அதனால்தான். நீ புது வீட்டுக்கு ஒப்பந்தம் போடப் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேள், தெரிந்த வார்த்தையாக இருந்தால் கட்டாயம் கேள். கேட்பதில் கௌரவம் குறையாது, கேட்காததில் எனக்கு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாயல்லவா. குட்டிக்கு என் முத்தம். மருமகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், ராத்திரி வேலையைக் குறைக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக நீண்ட நாள் இருக்க வேண்டும், அதுதான் எனக்கும் அப்பாவுக்கும் எப்போதும் மனதில் ஓடுவது. குட்டியின் பள்ளிக்கூடச் சான்றிதழ் நகலை அனுப்ப மறக்காதே, அப்பா மூன்று தடவை நினைவுபடுத்திவிட்டார்.

உன் அன்பு
அம்மா

பி.கு. எழுதியதைப் படித்துப் பார்த்த அப்பா, என்ன பேசி முடிச்சீங்கன்னே எழுதலையே என்கிறார். பெரிய பாய், சின்னப் பாய் இரண்டும் எனக்கு, அவர் அன்றைக்குக் குறைத்த அதே பதினைந்தாயிரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை தோறும் சுக்கான் டாக்டருக்கு, கயிறு எனக்கு. தண்ணீரில் அவர் திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும், கரையில் படகுக்கு ஒரு ஆணி வாங்குவதானாலும் என்னைக் கேட்க வேண்டும். நான் நீச்சல் கற்றுக்கொள்ளும் வரை அவர் இல்லாமல் படகை அவிழ்க்கக் கூடாது, இது அப்பா சேர்த்தது. என்றைக்காவது விற்றால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும்.